மழைக்கோட்டின் கிழிசலும் ஒட்டுநாடாவும்

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் ஒரு சாலையின் இரு புறங்களிலும் எதிரெதிரே அமைந்துள்ளன. நாகர்கோவில், கன்னியாகுமரி முதலிய ஊர்களிலிருந்து ரயிலில் வருவோர் ஒரு புறம் இறங்குகின்றனர். நெடுமங்காடு, நெய்யாற்றின்கரை, பொன்முடி ஆகிய இடங்களுக்குச் செல்வோர் மறு புறம் பஸ் ஏறுகின்றனர். ஜூன் மாதத்துக் காலை வேளையொன்றில் இச்சாலையைக் கடப்போரைச் சற்று நின்று கவனித்தால், நில அளவையாளர், வனக் காவலர், கொசு ஒழிப்புப் பணியாளர், கணக்கெடுப்பாளர், மலையடிவாரப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர் எனப் பலரைக் காணலாம். அவர்களுடைய மழைக்கோட்டின் அக்குளிலோ, பையின் மூலையிலோ, குடையின் விளிம்பிலோ ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருப்பதும், அதன் ஓரம் சுருண்டு நிற்பதும் அரிய காட்சியல்ல.

இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிடலாகாது. அளவைப் புத்தகத்தின் பக்கங்கள் நனைந்து மை கரைந்தால் ஒரு நாளைய உழைப்பு வீணாகிறது. நனைந்த ஆடையுடன் மலைக்காற்றில் நிற்பவருடைய உடலின் வெப்பம் விரைவில் குறைகிறது. கிழிசலோ பெரும்பாலும் ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்ற பிறகே கண்ணில் படுகிறது. அப்போது பையில் இருக்கும் நாடாவே துணை. ஆகவே எவ்வகைத் துணிக்கு எவ்வகை நாடா பொருந்தும் என்பதைப் புறப்படுமுன்னரே அறிந்துகொள்வது நன்று. இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது.

மழையும் ஈரமும்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 என்று இந்திய வானிலைத் துறை வகுத்துள்ளது. அம்மழை ஓய்ந்த பின்னர், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இரு மழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் மழை இல்லாத நாள்களிலும் காற்றில் ஈரம் மிகுந்தே இருக்கும். ஒட்டுநாடாவுக்கு மழையைவிட இவ்வீரமே பெரும் பகை. எவ்வாறெனில், பருத்தித் துணி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத அளவு நீரை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. நைலான் ஏறத்தாழ 4 சதவீதமும், பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவாகவும் ஈர்க்கின்றன. தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று நாம் கருதும் துணியிலும் ஈரம் உண்டு என்பதை இதனால் அறியலாம். நாடாவின் பசைக்கும் துணிக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்தால், பசை துணியைத் தொடுவதேயில்லை, நீரைத்தான் தொடுகிறது.

ஒட்டுதல் எவ்வாறு நிகழ்கிறது?

ஒட்டுநாடாவின் பசை, அஞ்சலுறையின் பசையைப் போல நனைந்து உலர்ந்து பிடிப்பதன்று. அழுத்திய மாத்திரத்தில் ஒட்டுவது அது. இதற்கு ஒன்றுக்கொன்று முரணான இரு பண்புகள் வேண்டும். முதலாவதாக, அது நீர்மத்தைப் போல் சிறிது பாய்ந்து, பரப்பின் மேடுபள்ளங்களில் இறங்கிப் படிய வேண்டும். இரண்டாவதாக, இழுக்கும்போது திண்மத்தைப் போல் எதிர்த்து நிற்க வேண்டும். மிகவும் இளகிய பசை நன்கு படியும். ஆனால் வெயிலில் வழுக்கி நகரும். மிகவும் கெட்டியான பசை நகராது, ஆனால் படியாது. குளிரில் பசை கெட்டிப்படுவதால், தம்பானூரில் நன்கு ஒட்டும் நாடா லடாக்கின் குளிரில் ஒட்ட மறுப்பதும் உண்டு. அங்குப் பணி புரிவோர் நாடாவைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

பசை படிவதற்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. நீர்த்துளி கண்ணாடியின் மேல் பரவுகிறது. மெழுகின் மேல் உருண்டு நிற்கிறது. நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 72 டைன். நைலான், பாலியெஸ்டர் ஆகியவற்றின் பரப்பு ஆற்றல் இதே அளவையில் 40-க்குச் சற்று மேற்பட்டது. பாலிஎத்திலீனுடையது ஏறத்தாழ 31. சிலிகோனுடையது 20-ஐ ஒட்டியது. ஒரு நீர்மம் தன்னைவிட உயர்ந்த ஆற்றலுடைய பரப்பின் மேல்தான் எளிதில் பரவும். பசைக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே நைலானில் நன்கு ஒட்டும் நாடா பாலித்தீன் தார்ப்பாயில் தயங்குகிறது. சிலிகோன் பூசிய துணியில் அறவே ஒட்டுவதில்லை. மழைக்கோட்டைச் செய்பவர் அதன்மேல் நீர் ஒட்டலாகாது என்றே அதனைப் பதப்படுத்துகிறார். நீரை விலக்கும் அதே பரப்பு பசையையும் விலக்குவதில் வியப்பில்லை.

ரப்பரும் நாடாவும்

மழைக்கோட்டே ஒருவகை ஒட்டு வேலையிலிருந்து பிறந்தது என்பது ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தியாகும். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மாக்கின்டாஷ் என்பவர் 1823-இல், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அக்கரைசலை இரு துணிகளுக்கிடையே பூசி ஒட்டி, நீர் புகாத துணியைச் செய்தார். அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்ட பின்னரே இக்குறை நீங்கியது. அந்த ரப்பர் கேரள மண்ணுக்கும் உரியதாயிற்று. பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் 1902-இல் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிடப்பட்டது. கோட்டயத்தில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1955-இல் தொடங்கப்பெற்றது.

அழுத்தி ஒட்டும் நாடா இருபதாம் நூற்றாண்டில் பெருவழக்குக்கு வந்தது. அமெரிக்காவில் ரிச்சர்டு டுரூ என்பவர் 1925-இல் வண்ணம் பூசுவோருக்கான காகித நாடாவையும், 1930-இல் செல்லோபேன் நாடாவையும் உருவாக்கினார். 1943-இல், வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணி புரிந்த வெஸ்டா ஸ்டவுட் என்னும் பெண்மணி, தோட்டாப் பெட்டிகளை மூடும் காகித நாடா கிழிந்து போவதைக் கண்டார். போர்முனையில் ஒரு நொடித் தாமதமும் வீரருடைய உயிரைப் போக்கும் என்று கவலையுற்ற அவர், நீர் புகாத துணி நாடாவைப் பயன்படுத்தலாம் என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டுக்கே கடிதம் எழுதினார். இன்று கடைகளில் டக்ட் டேப் என்று கிடைக்கும் துணி நாடா அவ்வழியில் வந்ததே.

இன்றைய நாடாக்களின் பசைகளை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். ரப்பர்ப் பசை உடனே பற்றும். பாலித்தீனிலும் ஓரளவு ஒட்டும். ஆயின் வெயிலிலும் வெப்பத்திலும் விரைவில் கெடும். அக்ரிலிக் பசை மெல்ல மெல்லப் பிடிப்பு ஏறும்; வெயிலைத் தாங்கும். இன்று மாலை ஒட்டி நாளைக் காலை புறப்பட வேண்டுமானால் இரண்டாவது வகையும், பாதி வழியில் அவசரத் தேவைக்கு முதல் வகையும் ஏற்றவை.

துணியை அறிதல்

நாடாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், கிழிந்த பொருள் யாது என்று அறிதல் வேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டுவதில்லை. பொருளின் மறைவான ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிச் சோப்புக் கரைசலில் அமிழ்த்தி விடுக. மிதந்தால் அது பாலித்தீன், மூழ்கினால் பி.வி.சி., நைலான், பாலியெஸ்டர் ஆகியவற்றுள் ஒன்று. நெய்த துணியாயின் ஒரு நூலைப் பிரித்து இடுக்கியால் பற்றிச் சுடரில் காட்டுக. பருத்தி காகிதத்தைப் போல் எரிந்து சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகி மணிபோல் திரளும். ரெக்ஸின் போன்ற பி.வி.சி. பொருள்களை எரித்துப் பார்த்தல் கூடாது. அவற்றின் புகை தீங்கானது. சிலிகோன் பூச்சை அறிய வழியொன்று உண்டு. சாதாரண செல்லோ டேப்பை ஓரத்தில் அழுத்தி ஒட்டி இழுத்தால், சிறிதும் தடையின்றி வந்துவிடும்.

எதற்கு எது?

மேசையிலுள்ள செல்லோ டேப் காகிதத்துக்கு உரியது. துணியுடன் சேர்ந்து நீண்டு கொடுக்காது. வெளிவேலைக்கு அதனை நம்பலாகாது. மின்வேலைக்கான கறுப்பு இன்சுலேஷன் டேப் நீளும் தன்மையுடையது. ஆயினும் அதனை இழுத்து ஒட்டினால் மீண்டும் சுருங்க முயன்று ஓரங்களைத் தானே உரித்துவிடும்.

பருத்திக் கித்தானால் ஆன கூடாரத்துக்கும் பைக்கும் தையலே முதல் மருந்து. முரட்டு நெசவில் பசை நூல்களின் முகடுகளை மட்டுமே தொடுகிறது. துணி நாடா சில நாள்கள் தாங்கும். பின்னர் பிசுக்கை விட்டுச்செல்லும். மெழுகேற்றிய கித்தானில் அதுவும் ஒட்டாது.

ரப்பர் பூசிய பழைய வகை மழைக்கோட்டுக்குச் சைக்கிள் கடையின் பஞ்சர் ஒட்டும் முறையே சிறந்தது. இடத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, சொல்யூஷனை இரு பரப்புகளிலும் மெல்லப் பூசி, ஈரப் பளபளப்பு மறையும்வரை காத்திருந்து, பின்னர் அழுத்த வேண்டும். பூசிய உடனே ஒட்டுவது பொதுவான தவறு; கரைப்பான் ஆவியாகாமல் உள்ளேயே தங்கிப் பிடிப்பைக் குலைத்துவிடும்.

பி.வி.சி. மழைக்கோட்டை மென்மையாக்க அதனுள் எண்ணெய் போன்ற பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது. அஃது நாளடைவில் வெளியே கசிந்து நாடாவின் பசைக்குள் புகுந்து அதனைக் கூழாக்குகிறது. முதல் நாள் உறுதியாக ஒட்டிய நாடா ஒரு மாதத்தில் வழுக்கி நகர்வதற்கு இதுவே காரணம். இதற்குப் பி.வி.சி.க்கென்றே செய்த பசையும் அதே பொருளாலான ஒட்டுத் துண்டும் வேண்டும்.

இன்று குடை, பை, கூடாரம், இலேசான மழைக்கோட்டு ஆகியன பெரும்பாலும் நைலானாலோ பாலியெஸ்டராலோ ஆனவை. இவற்றுக்கு அக்ரிலிக் பசையுடைய நைலான் நாடா அல்லது ஒளி ஊடுருவும் பாலியுரித்தேன் நாடா பொருத்தமானது. பின்னது துணியுடன் சேர்ந்து நீண்டு சுருங்குவதால் முழங்கை, அக்குள் போன்ற இடங்களுக்கு ஏற்றது. வெளிப்பக்கம் நீர்விலக்கும் பதம் இருப்பின் உட்பக்கத்தில் ஒட்டுவது நலம்; இரு பக்கங்களிலும் ஒட்டுதல் அதனினும் நலம். சிலிகோன் பூசிய மெல்லிய கூடாரத் துணிக்குச் சிலிகோன் பசை ஒன்றே பிடிக்கும்.

நீலப் பாலித்தீன் தார்ப்பாய்க்கு ரப்பர்ப் பசையுடைய, தார்ப்பாய்க்கென்றே விற்கும் நாடாவை வாங்குக. கயிறு கோக்கும் கண்ணருகே கிழிந்திருந்தால் நாடா மட்டும் போதாது. காற்றின் இழுப்பு முழுதும் அவ்விடத்தில் தங்குவதால் அங்குத் தையலும் வேண்டும். பொதுவாக, இழுப்பைத் தாங்குவது நூலின் வேலை. நீரைத் தடுப்பது நாடாவின் வேலை. தைத்த இடத்தின் ஊசித் துளைகளை நாடாவால் மூடுவதே நிறைவான செப்பம்.

செப்பனிட இயலாத நிலை ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். பழைய மழைக்கோட்டின் உட்பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிர்வதைப் பலரும் கண்டிருப்பர். பாலியுரித்தேன் பூச்சு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நெடுநாள் இருந்தால், நீரால் சிதைவுறுகிறது. அதன்மேல் எந்த நாடாவை ஒட்டினாலும், நாடா பூச்சைப் பற்றும். பூச்சோ துணியைப் பற்றாது. ஈரக்கோட்டை மடித்துப் பெட்டியில் அடைக்காமல், நிழலில் உலர்த்தி வைப்பதே இதனைத் தவிர்க்கும் வழி.

ஒட்டும் முறை

நல்ல நாடாவும் தவறாக ஒட்டினால் பயன்படாது. கிழிந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி நன்கு உலர்த்துக. வியர்வையும் எண்ணெயும் போகுமாறு மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்து, ஆவியாக விடுக. தீயருகே இதனைச் செய்யலாகாது. பிரிந்த நூல்களை நறுக்கி, கிழிசலின் இரு விளிம்புகளையும் சமமான தளத்தில் ஒன்றோடொன்று சேர்த்து வைக்க வேண்டும். நாடா கிழிசலைவிட எல்லாப் பக்கங்களிலும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் மிகுந்திருக்கட்டும். மூலைகளை வட்டமாக நறுக்குக. உரிதல் எப்போதும் கூரிய மூலையிலிருந்தே தொடங்கும். வட்டமான விளிம்பில் அதற்குத் தொடக்கப்புள்ளி எளிதில் கிட்டுவதில்லை. நாடாவை இழுக்காமல் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கூடுமாயின் ஒரு நாள் கழித்தே மழையில் எடுத்துச் செல்லுக.

மழைக்கு நடுவே ஒட்ட நேர்ந்தால், உலர்ந்த கைக்குட்டையால் பலமுறை ஒற்றி, உள்ளங்கையின் சூட்டில் சற்று நேரம் வைத்து, பின்னர் ஒட்டுக. அது தற்காலிகமானதே. தங்குமிடம் அடைந்ததும் அதனை நீக்கி முறைப்படி ஒட்ட வேண்டும். முழு உருளையைச் சுமக்க விரும்பாதவர், தண்ணீர்ப் பாட்டிலின் மேல் இரண்டு மீட்டர் நாடாவைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். எஞ்சியதை வெயில் படாமல் மூடிய டப்பாவில் வைத்தல் வேண்டும்.

வகுப்பறையில் மூன்று சோதனைகள்

ஆசிரியர்கள் இச்செய்தியைச் செலவின்றி மாணவர்க்குக் காட்டலாம். முதலாவதாக, கண்ணாடி, பாலித்தீன் பை, மெழுகு தேய்த்த காகிதம் ஆகியவற்றின் மேல் ஒவ்வொரு நீர்த்துளி இட்டு, துளியின் வடிவை வரையச் செய்க. பின்னர் அதே பரப்புகளை உலர்த்தி ஒரே அளவான நாடாத் துண்டுகளை ஒட்டி உரிக்கச் செய்க. துளி உருண்ட இடத்தில் நாடா எளிதில் வருவதை அவர்களே காண்பர்.

இரண்டாவதாக, கண்ணாடியில் ஒட்டிய நாடாவைப் பரப்புக்கு இணையாக இழுக்கச் சொல்லுக, அது அசையாது. அதன் நுனியை மடக்கி மேல்நோக்கி இழுக்கச் சொல்லுக, எளிதில் உரியும். முன்னதில் பசைப் பரப்பு முழுதும் சேர்ந்து எதிர்க்கிறது. பின்னதில் ஒரு சிறு கோடு மட்டுமே எதிர்க்கிறது. மூன்றாவதாக, ஒரே துணியின் இரு துண்டுகளில் ஒன்றை நனைத்துப் பிழிந்து, இரண்டிலும் நாடா ஒட்டி ஒப்பிடச் செய்க. ஈரம் செய்யும் கேட்டை இதனினும் தெளிவாக விளக்க வேண்டியதில்லை.

நாடாவை நம்பலாகாத இடங்கள்

தம்பானூர் தாழ்வான பகுதி. பெருமழையில் அங்கு நீர் தேங்குவது நெடுநாளைய தொல்லை. நகரின் நீர்வடிகால்களைச் செப்பனிட 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டின் நீரும் தெருவின் மழைநீரும் கலந்து நிற்கும் நாள்களில் அவற்றினூடே நடந்து பணி செய்ய வேண்டியவர் பலர். எலியின் சிறுநீர் கலந்த இத்தகைய நீரில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் அது உடலினுள் புகும். 2018 ஆகஸ்டில் கேரளத்தை வருத்திய பெருவெள்ளத்தின் பின்னர் இந்நோய் பரவிப் பல உயிர்களைக் கவர்ந்தது.

ஆகவே, வெடித்த கம்பூட்டில் நாடாவை ஒட்டிக்கொண்டு இந்நீரில் இறங்குதல் கூடாது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் வளையும் அவ்விடத்தில் நாடா விரைவில் விளிம்பு விடும். உள்ளே நீர் புகுந்ததை உணருமுன் கால் நனைந்துவிடும். பூச்சிமருந்து தெளிப்போரின் கையுறை, மின்பணியாளரின் ரப்பர்க் கையுறை, மரமேறுவோரின் கயிறும் இடைவாரும், நீரில் செல்வோரின் மிதவைச் சட்டை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இவற்றில் குறை கண்டால் மாற்றுவதே முறை. மேலதிகாரிகளும் புதியதை வழங்கத் தாமதிக்கலாகாது. நாடாவால் மறைக்கப்பட்ட வெடிப்பு, மறைக்கப்படாததைவிடத் தீயது; ஏனெனில் அணிபவர் அதனை நம்பிவிடுகிறார்.

மற்றைய கிழிசல்களுக்கு, பொருளை அறிந்து, பொருத்தமான நாடாவைத் தேர்ந்து, உலர்ந்த பரப்பில் பொறுமையுடன் ஒட்டினால் ஒரு பருவமழையை எளிதில் கடக்கலாம். மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, வெயில் இன்னும் எஞ்சியிருக்கும்போதே, கோட்டையும் குடையையும் பையையும் விரித்துப் பார்த்து இவ்வேலையை முடித்துக்கொள்வோர், ஜூன் மாதத்தில் தம்பானூரில் பஸ் ஏறும்போது தம் பதிவேடுகளைப் பற்றிக் கவலையுற வேண்டியதில்லை.